பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடும் முன்...



ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களில் பல வீட்டு அலமாரிகளில் ஒரு பழைய மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கும். மூத்த பிள்ளையின் படிப்புக்காகக் காசு சேர்த்து வாங்கியதாக இருக்கும். இடத்தை அடைக்கிறதே, பழைய சாமானோடு போட்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

கணினியில் தமிழ் எழுதுவதில் மலேசியத் தமிழர்கள் முன்னோடிகள். முத்து நெடுமாறனின் ‘முரசு’ மென்பொருள் 1980களிலேயே இங்கு உருவானது. கோயில் கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தாத்தா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த தோட்டத்துக் கதை எனப் பலவும் இன்னும் அந்த வன்தட்டில் இருக்கலாம். வேறு நகல் இல்லையென்றால், பெட்டியோடு அதுவும் போய்விடும்.

ஆசையாக உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மின்கலத்தைக் கழற்றுங்கள். லித்தியம் மின்கலம் உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது; தீப்பிடிக்கும். பலரும் மறப்பது உள்ளே இருக்கும் இன்னொரு சிறு மின்கலத்தை. கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். 1990களின் சில மடிக்கணினிகளில் இது கசிந்து, தாய்ப்பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். ஜொகூரின் ஈரக்காற்று அந்த அரிப்பை விரைவுபடுத்தும். அரிப்பு லேசாக இருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும்.

மின்னூட்டி தொலைந்துவிட்டதா? மாற்று வாங்கும்போது வோல்ட் அளவும் முனைகளின் திசையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

கணினியைச் சரிசெய்வதற்கு முன்பே தகவலைக் காப்பாற்றுங்கள். வன்தட்டைத் தனியே கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் வழியாக வேறு கணினியில் நகல் எடுக்கலாம். பழைய வன்தட்டுகள் ஐடிஇ வகை, பின்னர் வந்தவை சாட்டா வகை. இரண்டுக்கும் இணைப்பான் வெவ்வேறு. வன்தட்டு ‘டக் டக்’ என்று சத்தமிட்டால் மீண்டும் மீண்டும் முயலாமல் தகவல் மீட்பாளரிடம் கொடுப்பதே நல்லது.

கோப்பைத் திறந்ததும் புரியாத குறிகளாகத் தெரிந்தால், கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்! ஒருங்குறி பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றியது. உரிய எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும். மாற்றி மென்பொருள் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அடுத்து, கணினியின் உடம்பு. விசிறியில் அடைந்த தூசியை நீக்கி, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் சூடு தணியும். ஐடிஇ வன்தட்டுக்குப் பதில், இணைப்பானோடு காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டை பொருத்தினால் சத்தமில்லாமல் ஓடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், அத்தகைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

இத்தனை செய்தும் உயிர் வரவில்லையா? வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் வருகிறது. அதில் ஈயம் போன்ற நச்சுகள் உண்டு. மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே முறை. ஒப்படைக்கும் முன் வன்தட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

புதிய கணினியைக் கடையில் வாங்கிவிடலாம். தாத்தா சொன்ன கதையை எந்தக் கடையில் வாங்குவது? இந்த வார இறுதியில் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள், நேயர்களே.