அரிசி இலவசம், வீட்டில் ஏன் கடன்?

(பொங்கலூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பாட்டனார் காலத்தில் கூலியின் பெரும்பகுதி அரிசிக்கே போனது. அதனால்தான் 1967இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டதை ஏழைகள் மறக்கவில்லை. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் இலவசம். அல்ஹம்துலில்லாஹ்!

அப்படியானால் பனியன் கம்பெனியில் கணவனும் மனைவியும் உழைக்கும் வீட்டில் சனிக்கிழமைச் சம்பளம் புதன்கிழமை வரைகூட ஏன் நிற்பதில்லை?

பாட்டியின் அடுப்பில் பருத்திமாரும் வேலிமுள்ளும் எரிந்தன. ஊர்க்கிணற்றுத் தண்ணீருக்குக் காசில்லை. இன்று வாடகை, கேஸ், தண்ணீர் கேன், பள்ளிக் கட்டணம், மருந்து, செல்போன் எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். ஆர்டர் இல்லாத வாரத்திலும் இவை குறைவதில்லை. அந்த வாரத்தில்தான் தவணைக் கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான்.

வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டால் போதுமா? கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருமறை (2:280). அதைச் செயலில் காட்டுவது யார்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் பைத்துல்மால் அமைத்து வட்டியில்லாக் கடன் கொடுப்போம். வரதட்சணையையும் ஆடம்பரத் திருமணத்தையும் ஒழிப்போம். விலைவாசிக்கேற்ற கூலி கேட்டு எல்லாச் சமுதாயத் தொழிலாளர்களோடும் தோள் சேர்ந்து நிற்போம்.

வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக! ஆமீன்.