நாள் கேட்கும் மலைப்பாதைகள்



சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து தெம்பனிஸ் விரைவுச்சாலை வழியாகச் சாங்கி விமான நிலையத்துக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகாது. இரவு விமானத்தில் ஏறினால் தில்லி. அங்கிருந்து விடிகாலை விமானம் பிடித்தால், காலைப் பசி எடுக்கும் நேரத்தில் லடாக்கின் லே நகரில் இறங்கிவிடலாம். லே இருப்பது 3,500 மீட்டர் உயரத்தில். முன்பெல்லாம் வணிகர்கள் மட்டக்குதிரைகளோடு வாரக்கணக்கில் நடந்து போய்ச் சேர்ந்த ஊர் அது. இன்று கடல்மட்டத்தில் உறங்கி எழுந்த ஒருவர் மறுநாளே அங்கே நிற்க முடிகிறது. வசதிதான். ஆனால் உடம்புக்கு அது வசதியில்லை.

சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா, 164 மீட்டர். லடாக்கில் மணாலி–லே சாலை கடக்கும் தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். புக்கிட் தீமாவை ஒன்றன்மேல் ஒன்றாக 32 முறை அடுக்கினாலும் அதை எட்டாது. அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றுதான். தேக்காவிலும் 21 விழுக்காடு, தங்லங் லாவிலும் 21 விழுக்காடு. குறைவது காற்றின் அழுத்தம். 5,300 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதிதான்.

இதை நுரையீரலுக்கு முன்பே சமையலறை காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தம் குறையக் குறைய, தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 5,000 மீட்டரில் சுமார் 83 டிகிரி செல்சியஸிலேயே தளதளவென்று கொதிக்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது. சாதாரணப் பானையில் போட்ட அரிசி நடுவில் விறைத்தே கிடக்கும். அதனால்தான் மணாலி–லே சாலையில் சார்ச்சுவிலும் பாங்கிலும் கூடாரம் போட்டுக் கடை நடத்துகிறவர்கள் பிரஷர் குக்கர் இல்லாமல் சோறோ ராஜ்மாவோ வைப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து எடுத்துப் போகும் முறுக்குப் பொட்டலம் பலூன்போல உப்பிக்கொள்வதும் இந்த அழுத்தக் குறைவால்தான்.

உடல் இதற்கு ஈடுகொடுக்கத் தெரிந்ததுதான், ஆனால் மெதுவாகத்தான் கொடுக்கும். முதலில் மூச்சு வேகமாகிறது. அந்த வேகத்தால் இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சிறுநீரகங்கள் சில நாள்களில் சரிசெய்கின்றன. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். எனவே மலை மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவில் படுக்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும், எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

உடற்பயிற்சி செய்பவருக்கு உயரத்தால் வரும் மலைநோய் வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. 1998ஆம் ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் சிங்கப்பூர்க் குழுவினர், மலையில்லாத இந்தத் தீவில் மாடிப்படிகளில் சுமையோடு ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். கால்களுக்கும் இதயத்துக்கும் அந்தப் பயிற்சி உதவியது. உயரத்துக்குப் பழக, அவர்களும் மலையில் வாரக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. புளோக்கின் மின்தூக்கியை விட்டுப் படியில் ஏறுகிற இளைஞருக்கும் லேயில் தலை வலிக்கலாம். பக்கத்து அறையில் இருக்கும் அவருடைய பெரியம்மாவுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம்.

லேவுக்குச் சாலை வழியாகப் போக முக்கியப் பாதைகள் இரண்டு. ஒன்று மேற்கே ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக வருவது. மற்றொன்று தெற்கே மணாலியிலிருந்து வருவது. முதல் பாதையில் உயரம் படிப்படியாகக் கூடுகிறது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700 மீட்டர், பிறகு லே. வழியில் ஃபோட்டு லா 4,100 மீட்டரைத் தொட்டாலும், அங்கே யாரும் படுப்பதில்லை, ஏறி இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பாதையின் வாசல் 3,528 மீட்டர் உயரமுள்ள ஜோஜி லா.

ஜோஜி லாவில் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது.

1948ஆம் ஆண்டு. காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. கணவாய் எதிரிகளின் கையில் இருந்ததால் லேவுக்குத் தரைவழி அடைபட்டுவிட்டது. செப்டம்பரில் காலாட்படை முன்னேறிப் பார்த்தது. மேலே பாறைகளுக்கு நடுவிலிருந்து வந்த சூட்டில் முயற்சி பலிக்கவில்லை. டாங்கிகளைக் கொண்டுபோவது என்று தளபதி திம்மையா முடிவெடுத்தார். ஆனால் அடிவாரத்துப் பால்தாலிலிருந்து கணவாய்க்கு ஏறியது கோவேறு கழுதைப் பாதை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. அதில் டாங்கி எப்படிப் போகும்?

அந்தக் கழுதைப் பாதையை வண்டிப் பாதையாக மாற்றியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் இரண்டு கம்பெனிகள். 1780இல் மதராஸில் தொடங்கிய பொறியாளர் படை அது. இன்று அதன் தலைமையகம் பெங்களூர். தென்னிந்தியர்கள், அவர்களில் பெருந்தொகையாகத் தமிழர்கள் சேர்ந்த படை. இந்திய ராணுவத்தில் அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயரே ‘தம்பி’தான். பனியே விழாத ஊர்களிலிருந்து போன அந்தத் தம்பிகள், குளிர்காலம் நெருங்கும் வேளையில், மூவாயிரம் மீட்டருக்கு மேலே பாறையை வெடித்து, மண்ணை வெட்டி, பால்தாலிலிருந்து கணவாயைத் தாண்டிக் கும்ரிவரை வழி போட்டார்கள். ஸ்டூவர்ட் டாங்கிகள் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு ஸ்ரீநகர் வழியாக ரகசியமாகக் கொண்டுவரப்பட்டன. நவம்பர் 1ஆம் தேதி அவை ஜோஜி லாவில் ஏறின. அத்தனை உயரத்தில் டாங்கி வரும் என்று எதிர்பார்க்காத எதிரணி பின்வாங்கியது. திம்மையா தாமே முன்னணி டாங்கியில் இருந்தார். நவம்பர் 24ஆம் தேதி, அந்தப் படை லே பக்கமிருந்து வந்த இந்திய வீரர்களைக் கார்கிலில் சந்தித்தது.

படைத்தளபதிகளின் பெயர்கள் வரலாற்று நூல்களில் நிறைய இருக்கின்றன. பாதை போட்டவர்களைப் பற்றி ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரி இல்லாமல் மற்றது எதுவும் நடந்திருக்காது.

இன்றைக்கும் அந்த மலைகளில் சாலை தானாகத் திறந்திருப்பதில்லை. 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு, பனியை வெட்டி எடுத்து ஒவ்வோர் ஆண்டும் வழி திறக்கிறது. ஒரு காலத்தில் ஜோஜி லா ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மூடிக் கிடக்கும். 2025இல் 32 நாள்களில் திறந்துவிட்டார்கள். இயந்திரங்கள் ஒரு பங்கு வேலை செய்கின்றன. மீதி மனிதக் கைகள். அவற்றில் பல ஜார்க்கண்டின் சந்தால் பழங்குடி ஊர்களிலிருந்து வருபவை. 2020 ஜூனில், கொவிட் முடக்கத்துக்கு நடுவிலும், அம்மாநிலத்தின் தும்காவிலிருந்து சிறப்பு ரயிலில் லடாக் சாலைப் பணிக்குத் தொழிலாளர்கள் கிளம்பிப் போனார்கள். சமவெளியில் பிறந்தவர்கள் 4,000, 5,000 மீட்டரில் தார்ப்பீப்பாய்க்கு அருகில் நின்று கல் உடைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து சிங்கப்பூரில் சாலைக்கும் சுரங்கத்துக்கும் உழைக்கும் தம்பிகளை அறிந்தவர்களுக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தெரியாது. போகிற வண்டி அவர்கள் அருகில் வேகம் குறைத்துப் புழுதி கிளப்பாமல் போவது, பயணி செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

இனி மணாலிப் பாதை. இங்கேதான் புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது.

முன்பு மணாலியிலிருந்து 3,978 மீட்டர் ரோத்தங் கணவாயை ஏறி இறங்கித்தான் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். சேறு, நெரிசல், பனி எல்லாம் சேர்ந்து பாதி நாளை விழுங்கிவிடும். 2020 அக்டோபர் 3ஆம் தேதி அடல் சுரங்கம் திறக்கப்பட்டது. நீளம் 9.02 கிலோமீட்டர். மணாலிக்கும் லாஹௌலின் கெய்லாங்குக்கும் இடையே 46 கிலோமீட்டர் மிச்சமாகிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த லாஹௌல் மக்களுக்கு அது பெரிய விடிவு. நோயாளியை ஆண்டு முழுவதும் மணாலிக்குக் கொண்டுவர முடிகிறது. சுற்றுலாப் பயணிக்கோ அது ஒரு ஆசையைக் காட்டுகிறது. காலையில் மணாலியில் கிளம்பி, மாலைக்குள் சார்ச்சுவைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை. மணாலி சுமார் 2,050 மீட்டர். சார்ச்சு சுமார் 4,290. ஒரே பகலில் படுக்கை 2,200 மீட்டருக்குமேல் உயர்ந்துவிடுகிறது. சாலை சீரானதால் வண்டி வேகமாகப் போகும். உடம்பின் வேகத்தைக் கூட்டச் சுரங்கத்தால் முடியாது.

சார்ச்சுவின் ஆபத்து அதன் உயரத்தில் மட்டும் இல்லை, அது இருக்கும் இடத்திலும் இருக்கிறது. மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. சார்ச்சுவிலிருந்து இறங்க வேண்டுமானால் ஒரு பக்கம் 4,890 மீட்டர் பாராலாச்சா லாவை ஏறிக் கடக்க வேண்டும். மறுபக்கம் 5,060 மீட்டர் லாச்சுலுங் லா. இன்னும் தள்ளி இருக்கும் பாங், லாச்சுலுங் லாவுக்கும் தங்லங் லாவுக்கும் நடுவே 4,600 மீட்டரில் சிக்கிய இடம். நள்ளிரவில் மூச்சுத் திணறுபவரை இறக்கிக் காப்பாற்ற, முதலில் இன்னும் மேலே ஏற்றியாக வேண்டும். பாங்கில் ராணுவ முகாம் இருப்பது பெரிய ஆறுதல்.

சார்ச்சுவுக்கும் லாச்சுலுங் லாவுக்கும் நடுவில் காட்டா வளைவுகள் வரும். மொத்தம் 21 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறிய தமிழ்நாட்டு ஓட்டுநருக்கு எண்ணிக்கை சாதாரணமாகத் தோன்றலாம். கொல்லிமலையின் உச்சி சுமார் 1,300 மீட்டர். காட்டாவின் வளைவுகள் ஏறுவது 4,000 மீட்டருக்குமேல். காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். இரண்டாம் கியரில் இழுக்க வேண்டிய இடங்கள் வரும். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை முறை. சாலையின் குறுக்கே ஓடும் நாலாக்கள், அதாவது பனி உருகிய ஓடைகள், காலையில் கணுக்கால் ஆழமாக இருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் பெருகிவிடும். அங்கத்திய ஓட்டுநர்கள் விடிவதற்கு முன்பே கிளம்புவது இதற்காகத்தான். அவர்கள் நாலரை மணி என்றால் நாலரை மணிக்கு வண்டியில் இருப்பது நல்லது.

மலைநோயின் அறிகுறிகளைக் குடும்பத்தில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கை. அப்போது மேலே ஏறாமல் நிற்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல் என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது என்றால் மூளையில் வீக்கம் வந்திருக்கலாம். இந்த இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பேசிவிடலாம். லேயில் இந்நோய்க்கு நன்கு பழகிய மருத்துவமனை சோனம் நொர்பு நினைவு மருத்துவமனை. 1948இல் லேயில் விமானம் இறங்க ஓடுதளம் அமைத்த லடாக்கியப் பொறியாளரின் பெயர் அது.

லேவுக்கு வடக்கே இருப்பது கர்துங் லா கணவாய். அங்கே வைத்த பலகை நெடுங்காலம் 18,380 அடி என்று சொல்லிவந்தது. பின்னால் கருவிகளால் அளந்தபோது வந்தது சுமார் 17,580 அடி, அதாவது 5,359 மீட்டர். எண்ணூறு அடி குறைந்தாலும் நுரையீரலுக்கு அது பெரிய வித்தியாசமில்லை. அங்கே கால் மணி நேரத்துக்குமேல் நிற்க வேண்டாம் என்ற அறிவுரையைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

சில நடைமுறைகளும் உண்டு. தில்லியில் வாங்கும் ப்ரீபெய்ட் சிம் அட்டை லடாக்கில் வேலை செய்யாது. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நுப்ரா, பாங்காங் ஏரி போன்ற இடங்களுக்குத் தனி அனுமதி பெற வேண்டும். பயணக் காப்புறுதியில் உயர வரம்பு இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். எல்லைப் பகுதி என்பதால், கிளம்புமுன் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலைமை அனுமதித்தால், ஸ்ரீநகர் வழியாகப் போய் மணாலி வழியாகத் திரும்புவது உடம்புக்கு ஏற்ற வரிசை. கார்கிலில் ஒன்றிரண்டு இரவு, லேயில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, பிறகு நுப்ரா அல்லது பாங்காங். தங்லங் லாவை எட்டும்போது உடம்பு ஒரு வாரம் பழகியிருக்கும். அதற்குப் பிறகு சார்ச்சுவில் ஒரு இரவு தங்குவது அவ்வளவு கடுமையாக இராது. அடுத்த இரவு கெய்லாங்கில், மறுநாள் சுரங்கம் வழியாக மணாலி. இத்தனைக்கும் பன்னிரண்டு நாள் ஆகும். ஜூன் பள்ளி விடுமுறை நான்கு வாரம்.