பணியிலிருக்கும் செவிலியருக்குப் பட்டப் படிப்பு

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



உரமும் பாசனமும் பேசவேண்டிய இடத்தில் நர்ஸ் படிப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் கிராமத்துப் பெண்கள் பலர் செவிலியர் டிப்ளமோ பெற்று மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். அதற்கு மேல் ஒரு பட்டமும் பெற அவர்கள் விரும்புவது நியாயமே. ஆனால் அதற்குரிய பணம் நிலத்திலிருந்தல்லவா வருகிறது! ஆகவே இது உங்கள் விஷயமுந்தான்.

சென்ற அறுவடைக்குப் பின் ஒரு விவசாயி எம்மிடம் வந்தார். அவர் மகள் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். வீட்டிலிருந்தபடியே ஓராண்டில் நர்ஸிங் பட்டம் என்று கைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டார். தங்க எழுத்துக்களுடன் சான்றிதழும் வந்தது. செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்யச் சென்றபோதுதான் அது செல்லாதென்று தெரிந்தது. சங்கிலி இன்னும் மீளவில்லை.

அமெரிக்காவில் இணையவழி நர்ஸிங் பட்டம் சாதாரணமாக நடைபெறுவது உண்மையே. அங்கே ஏற்கெனவே பயிற்சியும் பதிவும் பெற்ற நர்ஸ்கள் வேலையை விடாமலே மேற்படிப்பை முடிக்கின்றனர். நியூயார்க் மாநிலமோ, புதிதாகப் பதிவு பெறுவோர் பத்தாண்டுகளுக்குள் பட்டம் பெற வேண்டுமென்று 2017-ஆம் ஆண்டில் சட்டமே செய்தது. அந்நாட்டு வழக்கத்தைக் காட்டி இங்கே வியாபாரம் செய்பவர்கள், நம் நாட்டு விதியைச் சொல்வதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, நர்ஸிங் பட்டத்தை இணையவழியில் நடத்த அனுமதியில்லை. (வேளாண்மைப் பட்டத்திற்கும் அவ்வாறே; பிள்ளைகளை அதில் சேர்க்க நினைப்போர் கவனிக்க.) இவ்விதியில் எமக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. ஊசி போடும் கை திரையைப் பார்த்துப் பழகுவதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலுள்ள செவிலியருக்கென இந்திய நர்ஸிங் கவுன்சிலின் இசைவோடு தொலைநிலைப் பட்டம் நடத்தியபோதுங்கூட, நுழைவுத் தேர்வும் மருத்துவமனைச் செய்முறைப் பயிற்சியும் உண்டு. அதில் இவ்வாண்டு சேர்க்கை உண்டா என்பதை அப்பல்கலைக்கழக அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம். தரகர் வாய்மொழி போதாது.

மற்றபடி நேர்வழி, கல்லூரிக்குச் சென்று படிக்கும் இரண்டாண்டுப் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்ஸிங். மூன்றாண்டு டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்றவர்களுக்கே அது உரியது. துணைச் செவிலியர் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் முதலில் அந்த டிப்ளமோவை முடித்தாக வேண்டும்.

இரண்டாண்டு என்றால் இரண்டாண்டுச் சம்பளமும் போகுமே என்பீர்கள். போகத்தான் செய்யும்! விளம்பரங்கள் பேசாத கணக்கு அதுதான். கட்டணத்தோடு இழக்கும் சம்பளத்தையும், விடுதிச் செலவையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதையும் குடும்பமாக உட்கார்ந்து கணக்கிட வேண்டும். அரசுப் பணியிலிருப்பவர் துறையின் முன் அனுமதி பெறவேண்டும். எந்த மருத்துவமனையில் செய்முறைப் பயிற்சி என்று கல்லூரியாரை நேரில் கேளுங்கள். அங்கே போய் நோயாளிகள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாடு வாங்குமுன் பல்லைப் பார்க்கிற நாம் இதற்குக் கூச்சப்படலாமா?

எல்லாவற்றிற்கும் முதற்காரியம் அங்கீகாரம். டில்லியிலுள்ள இந்திய நர்ஸிங் கவுன்சிலும், சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலும் சட்டப்படி அமைந்தவை. இன்ன கல்லூரியின் இன்ன படிப்பு ஏற்கப்பட்டதா என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டுமென்பது சட்டம். அந்தப் பதில் கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

இதில்தான் ஊராட்சி உறுப்பினர்களின் உதவி தேவை. படித்த பெண்ணுக்கு மனு எழுதத் தெரியும். இரவுப் பணி முடிந்து வருபவளுக்கு ஓய்வுதான் இல்லை. மாதிரி மனு ஒன்று கொண்டு வந்திருக்கிறோம். வேண்டுவோர் கூட்டம் கலையுமுன் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.