லான்ட்மாஸ்டர் வீதிக்கு வரட்டும். பெட்டியில் ஏறும் தொழிலாளிக்கும் பாதுகாப்பு வரட்டும்

(பூநகரியில் நடைபெற்ற அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத் தொழிலாளர் சங்கம் பூநகரிக்கு வந்து லான்ட்மாஸ்டரைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1970களின் பஞ்ச காலத்திலும், 1977, 1983 வன்செயல்களின் பின்னரும் தோட்டங்களை விட்டு வந்த நம் உறவுகள் வன்னியெங்கும் குடியேறினார்கள். இந்தப் பிரதேசத்தின் ஜெயபுரத்திலும் அவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. மலையில் ட்ரக்டர் பெட்டியில் ஏறித் தூரத்து டிவிசனுக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள், இங்கே லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறிக் களை எடுக்கவும், அருவி வெட்டவும், கச்சான் பிடுங்கவும் போகிறார்கள். ஆகவே இது நம் எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை.

லான்ட்மாஸ்டரை வீதியில் விடலாமா, கூடாதா? விபத்து நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும்பும். பஸ் ஓட்டுபவர் தடை செய் என்பார். வயல்காரர் அது இல்லாமல் விவசாயம் ஏது என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பெட்டியில் இருப்பவரை இருவருமே கணக்கில் எடுப்பதில்லை. அவர் சார்பில் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இந்த இயந்திரமும் ஒரு வாகனமே. இருசக்கர உழவு இயந்திரத்துக்கு ஜீ1, நாலுசக்கர உழவு இயந்திரத்துக்கு ஜீ என்று சாரதி அனுமதிப்பத்திரத்தில் தனித்தனி வகுப்புகள் உண்டு. ஆகவே லான்ட்மாஸ்டர் வீதியில் போவது களவு இல்லை. ஆனால் அது வயலுக்காகச் செய்யப்பட்ட இயந்திரம். நம் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தன 1950களில் உருவாக்கியபோது அதற்கு இருந்த வேலை உழுவது. பெட்டியைக் கொழுவி ஆட்களை ஏற்றியது பிறகு வந்த பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் ஆபத்தைக் கணக்காகவே பார்க்கலாம். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் மன்னார்–யாழ்ப்பாணம் ஏ32 வீதி வேக வீதியாகிவிட்டது. மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் பஸ், 15 கிலோமீற்றரில் ஊரும் லான்ட்மாஸ்டரைச் செக்கனுக்கு 15 மீற்றர் வீதம் நெருங்குகிறது. விடியற்காலை இருட்டில், பின்விளக்கு இல்லாத பெட்டியைச் சாரதி 60 மீற்றரில் கண்டால் அவருக்குக் கிடைப்பது 4 செக்கன். பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரைச் செக்கன் போய்விடும். முன்னால் இருக்கும் விளக்கு, பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியாது. பெட்டி மறைத்துவிடும்.

இன்னொன்றையும் மலையகத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இருசக்கர உழவு இயந்திரம் கிளச்சைப் பிடித்துத் திருப்புவது. இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது இடது கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பழகாதவர் கையில் அது நேரே பள்ளத்துக்குப் போகும். சமதரையில் மட்டும் ஓட்டியவருக்கு மலை இறக்கத்தைக் கொடுக்கக் கூடாது.

வெள்ள காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வேறு வாகனம் போகாத இடத்துக்கு உழவு இயந்திரம் போகும் என்ற நம்பிக்கையில் ஆட்கள் ஏறுகிறார்கள். 2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். இந்தியாவிலும் 2022 ஒக்டோபர் 1 ஆம் திகதி கான்பூருக்கு அருகே ட்ரக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பின்னர் பெட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது.

அமெரிக்காவில் கோல்ப் மைதான வண்டிகளை வீதியில் விடலாமா என்று இதே கேள்வி எழுந்தது. 1998 இல் அங்கே விதி செய்தார்கள். மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத வண்டிகளுக்குத் தனி வகுப்பு. முன்விளக்கு, பின்விளக்கு, சிக்னல், ஒளிதெறிப்பான், கண்ணாடி, கைப்பிரேக், இருக்கைப் பட்டி எல்லாம் கட்டாயம். வேகம் குறைந்த வீதிகளில் மட்டும் பல மாநிலங்கள் அவற்றை அனுமதித்தன. பொழுதுபோக்கு வண்டியில் போகிறவருக்கு இவ்வளவு யோசித்தார்கள் என்றால், வேலைக்குப் போகிற பெண்ணுக்கு யோசிக்கக் கூடாதா?

தோழர்களே, நம் ஆட்கள் ஆசைப்பட்டு அந்தப் பெட்டியில் ஏறுவதில்லை. காலை ஐந்தரைக்கு வயல் பக்கம் பஸ் இல்லை. முச்சக்கரவண்டிக்குக் கொடுத்தால் நாட்கூலியில் மிச்சம் இல்லை. ஆள் பிடித்துக்கொண்டு போகிறவர் பெட்டியை அனுப்புகிறார். ஏறாவிட்டால் அன்றைய வேலை இல்லை. பொலிஸ் மறித்தால் தண்டப்பணம் சாரதிக்கு; வேலைக்கு அழைத்தவர் வீட்டில் இருப்பார். தடை மட்டும் போட்டால் தொழிலாளி வேலையை இழப்பார். ஒன்றும் செய்யாமல் விட்டால் உயிரை இழப்பார்.

ஆகவே நாம் கேட்பவை இவை:

ஒன்று, வீதிக்கு வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் சிவப்புப் பின்விளக்கும் ஒளிதெறிப்பானும் கட்டாயமாக வேண்டும். ஏழை விவசாயிக்கு அவற்றை மானியமாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, பெருந்தெருவில் தொழிலாளரைப் பாரப் பெட்டியில் ஏற்றக் கூடாது. வேலைக்கு அழைப்பவரே இருக்கை உள்ள வாகனம் ஒழுங்கு செய்ய வேண்டும். தோட்டத்திலும் இதே விதி வேண்டும்.

மூன்று, அறுவடைக் காலத்தில் கிளிநொச்சி டிப்போவிலிருந்து விடியற்காலை பஸ் வேண்டும்.

நான்கு, பெருந்தெரு ஓரத்தை அகலமாக்கி, வயல் பாதைகளைத் திருத்த வேண்டும். மெதுவான வண்டி மெதுவான பாதையில் போகட்டும்.

ஐந்து, நட்டஈடு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் 2022 திருத்தத்தின் மூலம் அதில் சேர்க்கப்பட்டது. இதைப் பலர் அறியவில்லை. ஆனால் யார் வேலைக்கு அழைத்தார் என்பதற்கு எழுத்து இல்லாவிட்டால் அந்த உரிமையைப் பெறுவது கடினம்.

இவை கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது. நாளை காலையே நாம் செய்யக்கூடியவை உண்டு. ஏறும் முன் சாரதியிடம் ஜீ1 அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, காப்புறுதியில் பெட்டியில் இருப்பவர் அடங்குவாரா என்று கேளுங்கள். கொழுவியிருக்கும் இணைப்புச் சட்டத்தில் யாரையும் இருக்க விடாதீர்கள். வெள்ளம் பாயும் பாதைக்குள் வண்டி போகுமுன் இறங்கி நில்லுங்கள். வேலைக்கு அழைத்தவரின் பெயரையும், போன நாளையும், வண்டி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தனியே கேட்டால் வேலை போகும் என்று பயம் இருக்கும். பெட்டியில் இருக்கும் பத்துப் பேரும் சேர்ந்து கேளுங்கள். பத்துப் பேரையும் விட்டுவிட்டு அவரால் அருவி வெட்ட முடியாது.