வெறுங்காலோடு வென்ற சலீம்

(உத்திரமேரூரில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கு வரும் வழியில் ஏரிக்கரை ஓரமாக நம் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து விளையாடுவதைக் கண்டேன். 'படிப்பு ஏறவில்லை, பந்தே கதி என்று கிடக்கிறான். ஏதாவது கடையில் சேர்த்துவிட வேண்டியதுதான்' என்று ஒரு பெரியவர் குறைபட்டுக் கொண்டார். அவருக்காகவே முகமது சலீமின் வரலாற்றைச் சொல்கிறேன்.

சலீம் 1904-ல் கல்கத்தாவின் மட்டியாபுர்ஜ் பகுதியில் பிறந்தவர். வசதியான குடும்பமல்ல. படிப்பிலும் நாட்டமில்லை. அவருக்கு ஏழு வயதானபோது, 1911-ல், மோகன் பகான் அணி ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை வீழ்த்திக் கேடயம் வென்றது. ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் பெருமையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை சலீமுடையது.

பிற்காலத்தில் அவர் இடம்பெற்ற முகமதன் ஸ்போர்ட்டிங், 1934-ல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தப் பட்டம் அதனிடமே இருந்தது.

1936-ல் பிரிட்டனில் வாழ்ந்த அவருடைய உறவினர் ஹாஷிம், சலீமை ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்றார். புகழ்பெற்ற செல்டிக் கழகத்தின் மேலாளர் வில்லி மேலியிடம் 'சலீமுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்' என்று மன்றாடினார். பூட்ஸ் போடாதவன் எப்படி ஆடுவான் என்று மேலி வியந்தார். ஆடிக்காட்டியபின் சேர்த்துக் கொண்டார். காலில் துணிக்கட்டுடன் இறங்கிய சலீம், செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு ஆடினார். கால்ஸ்டன் அணியை செல்டிக் 7–1 என்று வென்றது. 'இந்திய வித்தைக்காரர்' என்று பத்திரிகை புகழ்ந்தது.

ஊர் ஏக்கத்தால் அவர் திரும்ப முடிவு செய்தபோது, அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி வசூலில் பங்கு தர முன்வந்தது கழகம். அதை அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் சலீம். வறுமை தெரிந்த வீட்டுப் பிள்ளை அல்லவா!

சகோதரர்களே, ஹாஷிம் கைபிடித்து அழைத்துப் போகாவிட்டால் சலீமை அந்நாடு அறிந்திருக்குமா? திறமையை அல்லாஹ் தருகிறான். வாசல்வரை அழைத்துச் செல்வது நம் கடமை. பிள்ளையைக் கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை மைதானத்துக்கு வந்து பாருங்கள். மாவட்ட அணித் தேர்வு எப்போது, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டா என்று ஜமாஅத்தில் ஒருவராவது விசாரித்துச் சொல்லுங்கள். நம் ஊர் சலீமுக்கும் ஒரு ஹாஷிம் தேவை.