மேல்நிலை ஆங்கில வகுப்பு நம் பிள்ளைகளிடம் கேட்பது என்ன?

(பிளஸ் ஒன், பிளஸ் டூ செல்லும் நம் குடியிருப்பு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எனக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். நன்றிங்க. வாட்ச்மேன் அண்ணன் மகளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

போன மாதம் லிஃப்டில் ஒரு அம்மா என்னைக் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், பையன் பிளஸ் ஒன் போறான். இங்கிலீஷுக்கு எந்தக் கைடு நல்லா இருக்குதுங்க?" நாலாவது மாடியிலிருந்து கீழே வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. செயலாளரிடம் சொன்னேன். அவர் கூட்டமே போட்டுவிட்டார். இன்றைக்குப் பேசப்போவது அந்த அம்மாவுக்கான பதில்தான்.

முதலில் நம் ஊர்ப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 2024 பிளஸ் டூ பொதுத்தேர்வில் 97.45 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது நம் திருப்பூர் மாவட்டம். அதே தேர்வில் இன்னொரு கணக்கும் வந்தது. வணிகவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் மாநிலம் முழுக்க ஆறாயிரம் பேருக்கு மேல். ஆங்கிலத்தில் நூறு வாங்கியவர்கள் ஏழே பேர். ஆங்கிலத்தில் தேறுவது கஷ்டமில்லை, மனப்பாடம் செய்தே எண்பது தொண்ணூறு வாங்கிவிடலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்பது தொண்ணூறுதான் என் கவலை. ஏன் என்று ஒரு நடந்த கதையோடு சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல். படிப்பு முடித்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தான். ஒரு ஆர்டருக்கு லேப் டிப் அனுப்பியிருந்தார்கள். பையரிடமிருந்து மெயில் வந்தது. முதல் சொல் 'அப்ரூவ்டு'. பையன் சந்தோஷமாக டையிங்குக்குப் போன் போட்டு லாட்டை ஓட்டச் சொல்லிவிட்டான். ஆனால் அந்த வாக்கியம் முதல் சொல்லோடு முடியவில்லை. 'சப்ஜெக்ட் டு' என்று தொடர்ந்து, சிவப்பைக் கொஞ்சம் குறைத்து மறுபடி அனுப்பிக் காட்டினால்தான் ஒப்புதல் என்று முடிந்தது. துணி முழுக்கத் தவறான ஷேடில் வந்து நின்றது. கடைசியில் அடர் நிறத்துக்கு மாற்றி வேறு ஆர்டருக்குத் தள்ளிவிட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் பையன் ஒடிந்துபோனான்.

என்னைப் பார்க்க வந்தபோது அவன் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. "மிஸ், சப்ஜெக்ட்னா பாடம்னு தெரியும். எழுவாய்னு தெரியும். இப்படி ஒரு அர்த்தம் இருக்கறது எனக்குத் தெரியாதுங்க."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வகுப்பில் அவன் எழுதிய விடையெல்லாம் நான் போர்டில் எழுதிப் போட்ட நோட்ஸ். ஒரு கமா மாறாமல் எழுதுவான், நானும் முழு மதிப்பெண் போடுவேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட, தனக்கு முன்பின் தெரியாத ஒரு வாக்கியத்தை அவன் தனியாக உட்கார்ந்து கடைசிவரை படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய நிலை வரவில்லை. வரவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான். அதற்குப் பிறகுதான் நான் பாடம் நடத்திய விதம் மாறியது.

சரி, மேல்நிலை ஆங்கில வகுப்பு என்னதான் கேட்கிறது?

முதலாவது, பாடத்தையே படிக்க வேண்டும். சுருக்கத்தை அல்ல. இது சின்ன விஷயமாகத் தோன்றும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள். பாடத்தை முழுசாகப் படித்தாயா, கைடில் இருக்கும் சம்மரியைப் படித்தாயா என்று. மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ தாளில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90-இல் ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு மட்டும் 35. சிபிஎஸ்இ பள்ளி என்றால் எழுத்துத் தேர்வு 80. மீதி 20 காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும், பேசுவதற்கும், செயல்திட்டத்துக்கும். இரண்டு தாளிலும் பாடத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். அங்கே எந்தக் கைடும் கூட வராது.

இரண்டாவது, கருத்துச் சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்று ஒரு திட்டம் உண்டு. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைப் படிப்பது. அதன் ஆங்கிலத் தேர்வில் ஒரு கட்டுரைக்கு ஆறு புள்ளி. உன் கருத்து என்ன என்று தெளிவாகச் சொன்னால் ஒரு புள்ளி. பாடத்திலிருந்து ஆதாரம் எடுத்துக் காட்டி, அது எப்படி உன் கருத்தைத் தாங்குகிறது என்று விளக்கினால் நான்கு புள்ளி வரை. சிந்தனை நுட்பத்துக்கு மிச்சம் ஒரு புள்ளி. அலங்கார வார்த்தைகளைத் தூவினால் அந்த ஒன்றும் கிடைக்காது. கையெழுத்து அழகு, பெரிய பெரிய வார்த்தை, தலைப்புக்குக் கீழே கலர் பேனா என்று நாம் பிள்ளைகளை விரட்டுகிறோம். கல்லூரித் தரம் என்று அவர்கள் எதை மதிக்கிறார்கள் பாருங்கள்.

நம் பாடத்திலிருந்தே ஒரு உதாரணம். மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ புத்தகத்தில் ஏ.ஜி. கார்டினர் எழுதிய 'ஆன் தி ரூல் ஆஃப் தி ரோடு' என்ற கட்டுரை இருக்கிறது. ஒரு அம்மா கூடையோடு நடுத்தெருவில் நடக்கிறார். ஓரமாகப் போங்கள் என்றால், இப்போது நமக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, எனக்கு இஷ்டமான இடத்தில் நடப்பேன் என்கிறார். நடுராத்திரியில் டிராம்போன் ஊதிப் பழக ஆசைப்படுகிறவரைப் பற்றியும் கார்டினர் பேசுகிறார். எவரெஸ்ட் உச்சியில் போய் ஊதினால் கேட்க ஆளில்லை. வீட்டில் ஊதினால் குடும்பம் சண்டைக்கு வரும், தெருவில் ஊதினால் அக்கம்பக்கம் வரும்.

சிரிக்கிறீர்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிங் பற்றியும் மொட்டை மாடி ஸ்பீக்கர் பற்றியும் நடக்கிற சண்டை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன். 'சுதந்திரம் என்றால் என்ன என்று ஆசிரியர் கூறுகிறார்?' என்று கேள்வி. 'சுதந்திரம் முக்கியமானது என்று ஆசிரியர் அழகாக விளக்குகிறார்' என்று ஒரு பிள்ளை எழுதினால் அது வெறும் காற்று. 'என்ன உடுத்துவது, என்ன குடிப்பது என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விடும் கார்டினர், சத்தமும் சாலையும் அடுத்தவரைத் தொடுவதால் அங்கே மட்டும் கோடு கிழிக்கிறார்' என்று எழுதினால், அந்தப் பிள்ளை கட்டுரையைப் படித்திருக்கிறது. 'அப்படியானால் வருடத்துக்கு ஒரு நாள் வரும் கோயில் நோம்பிக்கு மைக் போடலாமா? எது அடுத்தவரைத் தொடுகிறது என்று முடிவு செய்வது யார்?' என்று கேட்டால், அந்தப் பிள்ளை கார்டினரோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசுகிறது. மேல்நிலை வகுப்பு எதிர்பார்ப்பது அந்த மூன்றாவது பிள்ளையை.

மூன்றாவது, சொந்த வாக்கியம். தப்பு வரும். வரட்டும். கட்டிங் மாஸ்டர் முதல் நாளே நேராக வெட்டினாரா? சாம்பிள் போட்டு, அளவு பார்த்து, கமெண்ட் வாங்கி, திருத்தி, மறுபடி சாம்பிள் போடுகிறோம். ஒரு டி-சர்ட்டுக்கே அத்தனை தடவை என்றால் ஒரு பத்திக்கு இரண்டு தடவையாவது வேண்டாமா? முதலில் எழுதியது, ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியது, மறுபடி எழுதியது என்று மூன்றும் ஒரே நோட்டில் இருக்கட்டும். இப்போது போனில் ஏஐயைக் கேட்டால் அரை நிமிடத்தில் தப்பே இல்லாத விடை வந்துவிடுகிறது. என் பழைய நோட்ஸும் அது போலத் தப்பில்லாமல்தான் இருந்தது. எழுதிய பிறகு உன் வாக்கியத்தை அதனிடம் காட்டி எங்கே தப்பு என்று கேள், கண்ணு. எழுதுவதற்கு முன்னால் கேட்காதே.

நான்காவது, பலரும் எதிர்பார்க்காதது. தமிழை விட்டுவிடாதீர்கள். வீட்டில் இங்கிலீஷிலேயே பேசினால்தான் இங்கிலீஷ் வரும் என்று சிலர் பாட்டி தாத்தாவிடம் பிள்ளைகள் தமிழில் பேசுவதையே தடுக்கிறார்கள். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பாடம் 'தி லாஸ்ட் லெசன்'. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதிய கதை. போரில் தோற்ற ஊரில் இனித் தாய்மொழியில் பாடம் கிடையாது என்று உத்தரவு வருகிறது. கடைசி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அப்போதுதான் தன் மொழியின் அருமை தெரிகிறது. ஆங்கிலப் புத்தகமே அப்படித் தொடங்குகிறது.

மாநிலப் பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் 'தி சேர்' இருக்கிறது. நம் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையின் மொழிபெயர்ப்பு. வீட்டுக்கு ஆசையாகச் செய்த நாற்காலி, ஊரில் சாவு விழுந்த வீடுகளுக்கெல்லாம் இரவல் போய், கடைசியில் அதில் உட்காரவே வீட்டுப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பாட்டி தமிழில் படிக்கட்டும், பேத்தி ஆங்கிலத்தில் படிக்கட்டும். தமிழில் சிரிப்பு வந்த இடத்தில் ஆங்கிலத்திலும் வருகிறதா, வரவில்லை என்றால் எந்தச் சொல் தொலைந்துபோனது என்று இருவரும் பேசட்டும். அதைவிட நல்ல ஆங்கில வகுப்பை நானும் நடத்தியதில்லை.

இப்போது பெற்றோருக்கு. 2025-26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. 2017-18-இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேராகப் பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கியது. பழையபடி அந்த ஆசை மறுபடி வரலாம். தயவுசெய்து நீங்கள் அதைக் கேட்டு வாங்காதீர்கள். பொதுத்தேர்வு பயமில்லாமல் நிதானமாகப் படிக்கவும், தப்புத் தப்பாக எழுதித் திருத்தவும் கிடைக்கிற ஒரு வருடம் அது. அறிஞர் அண்ணாவின் பட்டமளிப்பு விழா உரையும், குஷ்வந்த் சிங் தன் பாட்டியைப் பற்றி எழுதியதும் அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கின்றன. இழந்தால் நஷ்டம். புத்தகம் வாங்கக் காசு இல்லை என்ற பேச்சும் வேண்டாம். மாநிலப் பாடநூலும் என்சிஇஆர்டி நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னொன்று. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு என்ன படித்தாய், அதில் உனக்கு எது ஒத்துவரவில்லை என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமில்லை. பிள்ளை தமிழில் சொல்லட்டும். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் பாடம் புரியவில்லை என்று அர்த்தம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்று வரை இந்தக் கூடத்தைக் கொடுங்கள். நான் வந்து உட்காருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். இங்கே குடியிருக்கும் மெர்ச்சண்டைசர்கள் மாதத்துக்கு ஒருவராவது வாருங்கள். கம்பெனி பெயர், பையர் பெயர், விலை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு உங்களைத் தலையைச் சொறிய வைத்த ஒரு மெயிலைக் கொண்டுவாருங்கள். ஒரு சொல்லில் எத்தனை ஆயிரம் ரூபாய் தொங்குகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வாட்ச்மேன் அண்ணன் மகள், வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் எல்லோரும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். அது மட்டும் என் நிபந்தனை.

லிஃப்டில் கேட்ட அம்மா பின்வரிசையில் இருக்கிறார். கைடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லைங்க. பையன் பாடத்தைக் கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை படித்து, நாலு வரி சொந்தமாக எழுதிக் காட்டட்டும். அப்புறம் எந்தக் கைடு வேண்டுமானாலும் வாங்கிக் கொடுங்கள். அந்தக் கைடில் எங்கே தப்பு இருக்கிறது என்று அவனே உங்களுக்குச் சொல்வான்.