யூனிட்டுக்கு ஒரு நேரம் உண்டு

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே!

நான் மின்துறையில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்ததும், நாளை உங்கள் கைக்கு வரப்போவதுமான ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நம் மாநிலம் வகுத்த கொள்கைகள், வீட்டுக்கும் ஆலைக்கும் வரும் கரண்டை எவ்வளவு நம்பகமானதாக ஆக்கின, அதன் விலையை என்ன செய்தன என்பதே அது. தினமும் கல்லூரிப் பேருந்தின் ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் நீங்கள். இதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சோதனைக்காக ஒரு காற்றாலைப் பண்ணை அமைக்கப்பட்டது. நாட்டின் முதல் சில பண்ணைகளில் அதுவும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு என்று சில கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றுக்குள் நெருக்கிக்கொண்டு நுழையும்போது வேகம் பிடிக்கிறது. இயற்கை தந்தது அவ்வளவுதான். அங்கே ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் எழும்பியதற்குக் காரணம் வருமான வரிச் சட்டத்தில் இருந்த ஒரு விதி. காற்றாலையின் விலையில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது அந்த விதி. கோவை, திருப்பூர், ராஜபாளையம் மில் முதலாளிகளை ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலுக்கு அழைத்துவந்தது அதுதான். மின்வாரியமும் தன் கம்பிகளை அவர்களுக்குத் திறந்துவிட்டது. முப்பந்தலில் உற்பத்தியாகும் யூனிட்டைத் திருப்பூர் மில்லின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றது. இன்று மாநிலத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த முன்னோடிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த வரிச்சலுகை இயந்திரத்தை நிறுவியதற்காகக் கிடைத்தது. மார்ச் 31-க்குள் காற்றாலை எழுந்தாக வேண்டும் என்பதே எல்லோருக்கும் அவசரம். எந்த மாதத்தில் சுற்றும், பக்கத்துத் துணை மின் நிலையம் தாங்குமா என்ற கேள்விகளுக்கு அந்தச் சலுகையில் இடமே இல்லை. உற்பத்தியாகும் யூனிட்டுக்கு ஊக்கத்தொகை தரும் மத்திய அரசுத் திட்டம் 2009-இல்தான் வந்தது. கொள்கை மெகாவாட்டை எண்ணியது, மணியை எண்ணவில்லை. நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

2012-ஐ உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நீங்கள் அப்போது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். அந்த ஆண்டு காற்று ஓய்ந்ததும், சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. அந்த யூனிட்டின் விலை வாரியத்தின் யூனிட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். டீசல் வாங்க வசதியில்லாத விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கரண்ட் வரும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். இந்தப் பழியைக் காற்றாலைகள்மேல் போடுவது அநியாயம். புதிய அனல்மின் நிலையங்கள் தாமதமாகிக்கொண்டே போயின. கூடங்குளத்தின் முதல் உலை மின்கட்டமைப்பில் இணைந்ததே 2013 அக்டோபரில்தான். வட மாநிலங்களிலிருந்து வாங்கலாம் என்றால், தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுமையாக இணைந்திருக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை காற்று தந்த மின்சாரம், பற்றாக்குறையின் ஆழத்தை ஆண்டுதோறும் சில மாதங்கள் மறைத்துவைத்தது.

இதில் எனக்கு இன்றும் வலிப்பது வேறொன்று. மாநிலம் இருட்டில் கிடந்த அதே ஆண்டுகளில், காற்று நன்றாக வீசிய நாட்களில், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் காற்றாலைகளை நிறுத்திவைக்க உத்தரவு போனது. வடக்கே கொண்டுபோகக் கம்பி போதவில்லை. காற்றாலையைச் சில மாதங்களில் நிறுவிவிடலாம். 400 கிலோவோல்ட் பாதை போட நிலம் வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும், கோபுரம் நிற்கும் வயலுக்குச் சொந்தக்காரரின் மனம் இசைய வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினாலே கம்பி பிந்திவிடும். நாமோ இயந்திரத்தை நிறுவிய பிறகுதான் கம்பியைப் பற்றி யோசித்தோம். பின்னால் கயத்தாறு, கானார்பட்டி, தேனி மாவட்டத்துத் தப்பக்குண்டு என்று காற்று மின்சாரத்துக்கான பெரிய துணை மின் நிலையங்கள் வந்தன. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை, தென்னகத்தை நாட்டின் மற்ற பகுதியோடு இணைத்தது. தமிழ்நாட்டின் மின்சார நம்பகத்தன்மையை மாற்றிய நாட்களில் அதை முதலில் வைப்பேன். அன்று எந்த ஊரிலும் பெரிய கொண்டாட்டம் நடக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இனி விலைக்கு வருகிறேன். பேங்கிங் என்று ஒரு ஏற்பாடு உண்டு. காற்றுக் காலத்தில் மில்லின் காற்றாலை தரும் யூனிட்டை வாரியம் கணக்கில் வரவு வைக்கும். ஏப்ரல் முதல் மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் மில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் இதற்கு வாரியம் பிடித்தது சில சதவீதம்தான். பிறகு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது, புதிய காற்றாலைகளுக்குச் சலுகையையும் சுருக்கியது. தக்காளி குவிந்து விலை சரிந்து கிடக்கும்போது ஒரு கூடை கொடுத்துவிட்டு, தட்டுப்பாட்டு மாதத்தில் அதே ஒரு கூடையைத் திரும்பக் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? எடை ஒன்றுதான், விலை ஒன்றல்ல. ஜூலையில் வாரியம் வாங்கிய யூனிட்டுக்குத் தேவை குறைவு. பிப்ரவரியில் திருப்பித் தர வேண்டிய யூனிட்டை அது சந்தையில் விலை கொடுத்து வாங்கியாக வேண்டும், அல்லது அதற்காகவே ஒரு நிலக்கரி நிலையத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

மில்காரர்களின் பக்கத்தையும் நான் அறிவேன். யாரும் துணியாத காலத்தில் பணம் போட்டவர்கள் அவர்கள். ஓராண்டுக் கணக்கு இல்லாவிட்டால் அந்தக் காற்றாலைகளில் பாதி வந்திருக்காது என்று நானும் நம்புகிறேன். ஆனாலும் ஒரு குழந்தைத் தொழிலை வளர்க்கக் கொடுத்த சலுகையை, அது வளர்ந்த பிறகும் எத்தனை காலம், யார் பணத்தில் தொடர்வது என்ற கேள்வியை யாராவது கேட்க வேண்டும். ஜூலை யூனிட்டுக்கும் பிப்ரவரி யூனிட்டுக்கும் உள்ள விலை வேறுபாடு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. மற்ற நுகர்வோரின் கட்டணத்தில் ஒரு பங்கு ஏறுகிறது, மீதி வாரியத்தின் கடனில் ஏறுகிறது. அந்தக் கடன் 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்கு வேறு பெரிய காரணங்களும் உண்டு. இதுவும் அதில் சேர்ந்திருக்கிறது.

சூரிய மின்சாரத்தில் பாடம் வேறுவிதமாக வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. அதன் மின்சாரத்துக்கு ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அடுத்த ஆண்டே இதே மாநிலத்தின் டெண்டரில் விலை 3 ரூபாய் 47 பைசாவுக்கு இறங்கியது. 25 ஆண்டு ஒப்பந்தத்தில் எந்த ஆண்டு கையெழுத்திட்டோம் என்பதற்கு எவ்வளவு விலை என்று பாருங்கள். அதிக விலை ஒப்பந்தம் வேறொரு தீமைக்கும் வழிவிடுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில், 7 ரூபாய் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் ஆசை கட்டுப்பாட்டு அறையில் எழத்தான் செய்யும். சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் நிறுத்தப்பட்ட பல தருணங்களுக்கு மின்கட்டமைப்பின் பாதுகாப்பு காரணமல்ல, வணிகமே காரணம் என்று கண்டு இழப்பீடு தரச் சொன்னது. உங்களில் சிலர் நாளை அந்த அறையில் உட்காருவீர்கள். பாதுகாப்பு என்று பதிவேட்டில் எழுதும்போது அது உண்மையில் பாதுகாப்பாகவே இருக்கட்டும். மேலதிகாரி வேறுவிதமாக எழுதச் சொன்னாலும் சரி. ஒருமுறை பொய்யாக எழுதினால், அடுத்த முறை உண்மையான ஆபத்து வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

உற்பத்தியாளர்களுக்கு மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடிப்பதும் இதே ரகம். அந்தத் தாமதத்தின் வட்டி அடுத்த டெண்டரின் விலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காற்றையும் வெயிலையும் நம்பினால் நாடே இருண்டுவிடும் என்று சொல்கிறவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவைக் காட்டுவார்கள். அங்கே 2016 செப்டம்பர் 28-இல் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது. ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் சில விநாடிகளில் 456 மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டன. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் பாதை அந்தச் சுமையைத் தாங்காமல் துண்டித்துக்கொண்டது. ஏறத்தாழ எட்டரை லட்சம் வாடிக்கையாளர்கள் இருட்டில். விசாரணையில் தெரிந்தது என்ன? குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அழுத்தச் சரிவு ஏற்பட்டால் விலகிக்கொள்ளும்படி அந்த இயந்திரங்களின் பாதுகாப்பு அமைப்பில் ஓர் எண் வைக்கப்பட்டிருந்தது. கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கே அந்த எண் தெரியாது. பின்னர் அதை மாற்றினார்கள், விதிகளை இறுக்கினார்கள், அடுத்த ஆண்டின் இறுதியில் 100 மெகாவாட் பேட்டரி ஒன்றையும் நிறுவினார்கள். தொழில்நுட்பத்தை யாரும் கைவிடவில்லை. நம் பழைய காற்றாலைகளில் என்ன எண் இருக்கிறது என்று கேட்கும் பொறியாளர் நம்மிடம் வேண்டும்.

இன்று நம் முன்னால் நிற்கும் கேள்வி மாலை ஆறு மணி. 2024 மே 2-இல் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மே மாதத் தொடக்கத்தில் காற்று இன்னும் வலுப்பெற்றிருக்காது. பகலில் வெயில் ஆயிரக்கணக்கான மெகாவாட் தருகிறது. சூரியன் சாய்ந்ததும் அது சுழியாகிறது, அதே நேரத்தில் வீடுகளில் ஏசி ஓடத் தொடங்குகிறது. பகலில் மலிவாகக் கிடந்த யூனிட்டுக்கு மின்சந்தையில் உச்சவரம்பு விலையான 10 ரூபாய்வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து நிற்கிறது. கீழே இருக்கும் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. அதைக் கட்டியவர்களின் தொலைநோக்கை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அடுத்தது நீலகிரியில் குந்தா, 500 மெகாவாட். அது பல ஆண்டுகள் பிந்திவிட்டது. இடையில் காற்றாலையும் சூரியத் தகடும் எத்தனை ஆயிரம் மெகாவாட் சேர்ந்துவிட்டன! மறுபடியும் அதே தவறு. உற்பத்தி முந்த, சேமிப்பு பிந்த, இடைவெளிக்கு நாம் பணம் கட்டுகிறோம்.

எல்லாச் சேமிப்புக்கும் பேட்டரி வேண்டியதில்லை. மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. விவசாயிகளின் கிணற்று மோட்டாருக்கு நண்பகல் வெயிலில் தடையில்லாமல் மும்முனை மின்சாரம் கொடுத்தால், அவர்களுக்கும் இரவில் வரப்பில் டார்ச்சோடு நடக்கும் தொல்லை இல்லை. மாலைச் சுமையும் இறங்கும். ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் வாங்குகிறோம். காலை உச்ச நேரத்தின் பிற்பகுதியில் வெயில் நன்றாக ஏறிவிடுகிறதே, அந்தக் கூடுதல் கட்டணம் இன்னும் எதற்கு? நடுப்பகலில் விலையைக் குறைத்தால் எத்தனை சாயப்பட்டறைகள், எத்தனை குளிர்பதனக் கிடங்குகள் தம் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும்! முப்பந்தலின் மிக நல்ல காற்று வீசும் இடங்களைப் பழைய 250 கிலோவாட் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே இன்றைய 3 மெகாவாட் இயந்திரங்களை வைப்பதற்கான கொள்கை 2024-இல்தான் வந்தது. அதுவும் கட்டண நிபந்தனைகளால் சிக்கலுக்குள்ளானது.

இவற்றையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது என்று கேட்பீர்கள். அதற்கு இடம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு மனுமீது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் பொது விசாரணை நடத்தியது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். இத்தகைய விசாரணைகளில் தொழில் சங்கத்தினரும் விவசாய சங்கத்தினரும் பேசுவார்கள், ஓய்வுபெற்றவர்கள் சிலர் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு வருவார்கள். இருபது வயதுப் பொறியாளர்களைக் காண்பது அரிது. அடுத்த அறிவிப்பு வரும்போது மனுவைப் படியுங்கள். புதிதாக வாங்கப்போகும் ஒவ்வொரு மெகாவாட்டும் எந்த மாதத்தில், எந்த மணியில், எந்தப் பாதை வழியாக வரும், அது வராத நேரத்தில் யார் தருவார், அதற்கு யார் பணம் கட்டுவார் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கைப் போடத் தேவையான படிப்பைத்தான் இந்தக் கல்லூரி உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.